நாரை மார்க் மட்டை

தம்பி,

நீ கேட்ட பிங்பாங் மட்டையை வாங்கிவிட்டேன். பொட்டலம் இங்கிலாந்துக்குக் கப்பலில் வருவதால் உன் கைக்குக் கிடைக்க நாளாகும், இந்தக் கடிதம் அதற்கு முன்பே வந்துவிடும். மட்டையைப் பற்றி நாலு வரி எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் உன் கடிதத்தின் கடைசிப் பக்கத்தைப் படித்த பிறகு நாலு வரியோடு ஒட்டி அனுப்ப மனம் வரவில்லை. நீ கட்டிக்கொள்ள ஆசைப்படும் லீலாவைப் பற்றி எழுதிவிட்டு என் சம்மதம் கேட்க நீ போன் போட்டாய், நான் வரவில்லை. அது கோபம்தான் என்று முடிவு செய்துவிட்டாய். தீபாவளிக்கு முதல் நாள் மறுபடியும் போன் போடுவதாகவும், அப்போதும் நான் வராவிட்டால் இந்தக் கல்யாணப் பேச்சையே எடுப்பதில்லை என்றும் எழுதியிருக்கிறாய். அதைப் படித்துவிட்டுத் தையல் மெஷின் மேல் பெரிய தாளாக எடுத்து விரித்தேன். எனக்குக் கோபம் இல்லை, தம்பி. அதை முதலில் எழுதிவிடுகிறேன், மற்றதெல்லாம் பிறகு.

உன்னைக் குறை சொல்லவும் முடியாது. நான் கோபக்காரி என்பது கேம்பல் லேன் முழுக்கத் தெரிந்த விஷயம். கத்துகிற கோபமாக இருந்தால் கொஞ்ச நேரத்தில் தொண்டை வலித்து நின்றுவிடும். என்னுடையது பேசாத கோபம். ஒரு தடவை நீ பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு தஞ்சோங் பகாரில் எங்கோ போட்டிக்குப் போய், ஒன்றும் தெரியாதவன் மாதிரி புத்தகப் பையோடு வந்து நின்றாய். நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சோறு போட்டேன், ரசம் ஊற்றினேன், பாய் விரித்தேன், வாயை மட்டும் திறக்கவில்லை. சில நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு உன் மட்டையைக் கொண்டுவந்து என் மெஷின் மேல் வைத்தாய். "இத நீயே வச்சுக்கம்மா. ஏதாவது பேசு" என்றாய். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அப்படிப்பட்ட அம்மா போனுக்கு வரவில்லை என்றால் நீ வேறு என்ன நினைப்பாய். ஆனால் இந்தத் தடவை காரணம் வேறு, அதைச் சொல்ல அந்த மட்டையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

நீ இதை லீலாவுக்குப் படித்துக் காட்டுவாய் என்று நினைக்கிறேன், அதனால் உனக்குத் தெரிந்ததையும் அவளுக்காகக் கொஞ்சம் எழுதுகிறேன். நம் கடை அரைக் கடை. முன்னால் ஒரு தையல் மெஷினும் கண்ணாடி அலமாரியும், பின்னால் ஒரு பலகைத் தடுப்பு, அதற்குள்ளே நம் இரண்டு பேர் குடித்தனம். உன் அப்பாவைச் சப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோனார்கள், அவர் திரும்பி வரவில்லை. நீ அப்போது கைக்குழந்தை. ரவிக்கை தைத்துத்தான் உன்னை வளர்த்தேன். நம் தலைக்கு மேலே வாலிபர் மன்றம், அதில் ஒரு பிங்பாங் மேசை. நடுவில் இருந்தது வெறும் பலகைத் தளம். மேலே எவனாவது ஓங்கி அடித்துவிட்டுக் குதித்தால் கீழே என் வெள்ளைத் துணியில் தூசி கொட்டும். நான் துடைப்பக் கட்டையால் மேலே இடிப்பேன். இடித்து இடித்து அந்தப் பலகையில் ஓர் இடம் பள்ளமாகவே போய்விட்டது.

நீ மேலே போக ஆரம்பித்த பிறகு இடிப்பதை விட்டுவிட்டேன். பெண்கள் அந்தப் படியில் ஏறுவதில்லை. ஏறக்கூடாது என்று யாரும் எழுதி மாட்டவில்லை, இருந்தாலும் ஏறுவதில்லை. நீயும் என்னைக் கூப்பிடவில்லை. அதைக் குறையாகச் சொல்லவில்லை, அந்த வயதில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனால் மற்ற பையன்கள் சும்மா விடுவார்களா. அதனால் கீழே இருந்தபடியே கேட்டேன். பந்து மட்டையில் பட்டால் ஒரு சத்தம், மேசையில் பட்டால் இன்னொரு சத்தம், நடுவே கால்களின் சத்தம். அடுத்தடுத்து வந்தால் கிட்ட நின்று அடிக்கிறார்கள், இடைவெளி விட்டு வந்தால் தள்ளி நின்று வெட்டித் திருப்புகிறார்கள். பந்து பலகையில் உருண்டால் யாருக்கோ ஒரு பாயிண்ட். ஆனால் யாருக்கு என்பதுதான் தெரியவில்லை. மேலே இருந்த அத்தனை பேரிடமும் ஒரே இங்கிலீஷ் கம்பெனி மட்டை, அத்தனையும் ஒரே சத்தம். அதில் என் பிள்ளை எது என்று பிரிக்க முடியாமல் தவித்துப் போனேன்.

நீ ஏழாவது படிக்கும்போது உனக்கென்று சொந்த மட்டை கேட்டாய். டிராலி பஸ் ஏறி நார்த் பிரிட்ஜ் ரோட்டில் நாம் தவுக்கே என்று கூப்பிடுகிற அந்தச் சீன முதலாளியின் கடைக்குப் போனோம். அவர் முதலில் எடுத்து வைத்தது எல்லாரும் வைத்திருக்கும் அதே இங்கிலீஷ் மட்டை. நீ உடனே கையில் எடுத்துக்கொண்டாய். நான் அவருக்குத் தெரிந்த பசார் மலாயில், அந்தக் கடைத்தெருப் பேச்சில், வேறு என்ன இருக்கிறது என்று கேட்டேன். அவர் கீழ் டிராயரிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தார். அதன் மேல் ஒற்றைக் காலில் நிற்கும் ஒரு நாரை. ஹாங்காங்கிலிருந்து வருகிறது, அதிகம் பேர் கேட்பதில்லை என்றார். நான் மரத்தை முட்டி விரலால் தட்டிப் பார்த்தேன். இங்கிலீஷ் மட்டை மூடிய கதவைத் தட்டினது போலச் சத்தம் போட்டது. நாரை மட்டையின் சத்தம் மெல்லிசாக, உயரமாக, வெளியே தெறித்து வந்தது. தவுக்கேயை அதன் மேல் பந்தைத் தட்டச் சொன்னேன். சின்னச் சின்னக் குமிழ் வைத்த ரப்பர், சத்தம் கடை மூலை வரைக்கும் போனது.

"வேணாம்மா, மேல யார்கிட்டயும் இது இல்ல லா" என்றாய்.

"அதுக்காகத்தான்டா வாங்குறேன்" என்றேன்.

நான் சிக்கனம் பிடிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு பஸ்ஸில் ஜன்னல் பக்கமாகவே திரும்பி உட்கார்ந்து வந்தாய். விலையில் பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை. மேலே நீ இருக்கிறாயா இல்லையா, அடிக்கிறாயா வாங்குகிறாயா என்பது எனக்குக் கீழே தெரிய வேண்டும், அவ்வளவுதான். அதை உன்னிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. பையனைக் காவல் காக்கிற அம்மா என்று நினைத்துவிடுவாயோ என்று ஒரு பயமும் உண்டு. இப்போது நீ வளர்ந்துவிட்டாய், சொல்லலாம்.

மன்றத்தில் உனக்கு நாரை என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அந்தக் கேலி படி இறங்கி என் காதுக்கும் வந்தது. ஆனால் நீ அந்த மட்டையை விடவில்லை, கொஞ்சம் கொஞ்சமாக அது உன் கைக்கு அமைந்துவிட்டது. சாயங்காலம் ஆனால் நான் மெஷினை நிறுத்திவிட்டுக் காஜா எடுக்கிற வேலை, கொக்கி வைக்கிற வேலை என்று சத்தமில்லாத வேலையாகப் பார்த்து எடுத்துக்கொள்வேன். வேலை முடிந்து களைத்துப் போய் மெஷினை நிறுத்திவிடுகிறேன் என்று நீ நினைத்திருப்பாய். உன் சத்தம் மற்றச் சத்தங்களுக்கு நடுவே தனியாக வரும். எப்போது பயப்படுகிறாய், எப்போது அவசரப்படுகிறாய், எப்போது வேண்டுமென்றே எதிராளியை ஓட விடுகிறாய், எல்லாம் தெரியும். நீ இறங்கி வந்து "சும்மாதான் விளையாடினோம்" என்பாய். நீ படியில் கால் வைக்கும் முன்னே எனக்கு முடிவு தெரிந்திருக்கும். தோற்ற நாளில் உன் தட்டில் ஒரு அப்பளம் கூடுதலாக இருக்கும். ஜெயித்த நாளில் இருக்காது, ஜெயித்ததே போதும் என்று விட்டுவிடுவேன். நீ அதைக் கவனித்தாயா என்று தெரியாது. நீ விளையாடி நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை, ஆனால் மேலே நீ ஆடிய ஆட்டம் எதையும் நான் தவறவிட்டதில்லை.

பிறகு பஞ்சு ரப்பர் வந்தது. குமிழ் ரப்பருக்கு அடியில் பஞ்சு வைத்து ஒட்டிய புதுசு. எல்லாரும் அதற்கு மாறினார்கள், நீயும் மாறினாய். மற்றவர்கள் பேர் பெற்ற கம்பெனியாகப் பார்த்து வாங்கினார்கள், நீ மட்டும் நாரையிலேயே பஞ்சு ரப்பர் வரவழைத்தாய். பழைய ரப்பரை உரித்துப் போட்டுவிட்டு, பசை தடவிப் புதுசை ஒட்டி, காயும்வரை என் இஸ்திரிப் பெட்டியைப் பாரம் வைத்தாய். அன்றைக்கு மேலே போய் விளையாடினாய். நான் காஜா எடுத்துக்கொண்டு கீழே உட்கார்ந்திருந்தேன். உன்னைக் காணோம். மேசைச் சத்தம் வருகிறது, கால் சத்தம் வருகிறது, உன் மட்டை மட்டும் வாயை மூடிக்கொண்டது. பஞ்சு அந்தச் சத்தத்தைத் தின்றுவிட்டது என்று எனக்குப் புரிந்தது. புரிந்தாலும் ஆத்திரமாக வந்தது. ஒரு ரப்பர் துண்டு மேல் இவ்வளவு கோபப்பட்ட பொம்பளை இந்த ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அதற்குப் பிறகு மேசைச் சத்தமும் மங்கியது. மேசைக்கு அடியில் பாய் போட்டிருக்கிறார்களா என்று உன்னிடம் கேட்டேனே, ஞாபகம் இருக்கிறதா? நீ சிரித்தாய். கால் சத்தம் மங்கியபோது, பையன்கள் இப்போது ரப்பர் செருப்புப் போட்டுக்கொண்டு ஆடுகிறார்கள் போல என்று நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். எல்லாப் பழியும் அந்தப் பஞ்சு மேல்தான். கடைசியில் ஒரு நாள் நானே தனியாகக் கிளம்பி நார்த் பிரிட்ஜ் ரோட்டுக்குப் போனேன். பழைய குமிழ் ரப்பரே வாங்கி வந்து, அதை ஒட்டிக்கொள்ளச் சொல்லி உன்னிடம் கேட்பதாக எண்ணம். அந்த நேரத்தில்தான் நீ சிங்கப்பூர் அணிக்கான தேர்வு ஆட்டத்துக்குப் பெயர் கொடுத்திருந்தாய், இங்கிலாந்தில் படிக்க மனுவும் போட்டிருந்தாய். இரண்டும் எனக்குத் தெரியும். பழைய ரப்பர் உன் ஆட்டத்தைக் கெடுக்கும் என்று தெரிந்துதான் போனேன்.

தவுக்கே இரண்டு மட்டையை எடுத்து வைத்தார். குமிழ் ரப்பர் ஒன்று, பஞ்சு ரப்பர் ஒன்று. முதலில் ஒன்றின் மேல் பந்தைத் தட்டினார், பிறகு இன்னொன்றின் மேல். தட்டிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். பந்து மேலே போவதும் கீழே வருவதும் தெரிந்தது. இரண்டுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. இன்னொரு தடவை என்றேன். அவர் பலமாகத் தட்டினார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடப்பதுபோல இருந்தது. நான் மட்டையை அவர் கையிலிருந்து பிடுங்கி, முன்பு செய்த மாதிரியே முட்டி விரலால் மரத்தைத் தட்டினேன். விரல் எலும்புக்குள் அந்த அதிர்வு வந்தது, காதுக்கு வரவில்லை. பஞ்சு மேல் இத்தனை நாள் போட்ட பழி எல்லாம் அந்த நிமிஷமே கழன்று விழுந்தது. தவுக்கேக்குப் புரிந்துவிட்டது. அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார், நான் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். பிறகு பஞ்சு ரப்பரில் புது ஜோடி ஒன்றைக் கட்டித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டு வந்து உன்னிடம் கொடுத்தேன். தேர்வுக்குப் புது ரப்பர் என்று நீ துள்ளினாய். தேர்வில் கடைசிச் சுற்று வரை வந்து தோற்றுவிட்டாய். ஆனாலும் அந்த மாதம்தான் இங்கிலாந்தில் இடம் கிடைத்த கடிதம் வந்தது.

பெரியாஸ்பத்திரியில் காட்டினேன். நரம்பு தளர்ந்துகொண்டே வருகிறது, மருந்து கிடையாது என்றார்கள். ஒரு கருவியைக் காதில் வைத்துப் பார்த்தார்கள், அதில் இரைச்சல் வந்ததே தவிரப் பேச்சு வரவில்லை. அப்போதெல்லாம் முழுக்கப் போய்விடவில்லை. கிட்ட நின்று பேசினால் கொஞ்சம் கேட்கும், மீதியை வாயைப் பார்த்துப் பிடித்துக்கொள்வேன். நீ ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே, "அம்மா, உனக்கு ஏதாச்சும் குறை இருக்கா? இருந்தா சொல்லு, நான் போகல" என்று கேட்டாய். நல்லவேளை நேராகப் பார்த்துக் கேட்டாய். "எனக்கு என்னடா குறை, மோர் ஊத்திக்க" என்றேன். சொல்லியிருந்தால் நீ போயிருக்கமாட்டாய். எனக்குக் கேட்காது என்பதற்காக உன்னைப் பக்கத்தில் கட்டிப்போட்டு வைத்தால், உன்னைக் கேட்கவும் முடியாமல், உன் முகத்தில் தெரியும் ஏக்கத்தைப் பார்த்துக்கொண்டு நான் எப்படி இருப்பேன். சொல்லாமல் விட்டதை இன்றைக்கும் சரி என்றுதான் நினைக்கிறேன், அதற்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை.

கிளிஃபர்ட் பியர் துறையில் உன்னைக் கப்பலுக்குக் கொண்டுபோகிற படகு கிளம்பினபோது நீ திரும்பி நின்று ஏதோ சொன்னாய். வெயில் உன் முகத்துக்குப் பின்னால் இருந்தது, உன் வாயைச் சரியாகப் பார்க்க முடியவில்லை. நான் பலமாகத் தலையை ஆட்டினேன். நீ சிரித்துக்கொண்டே கை காட்டினாய். என்ன சொன்னாய் என்று இன்றைக்கு வரை எனக்குத் தெரியாது. எத்தனையோ தடவை அதை யோசித்திருக்கிறேன். சரி என்று சொல்லக்கூடாத எதற்காவது சரி என்று தலையாட்டியிருந்தாலும், பரவாயில்லை, அதை அடுத்த கடிதத்தில் எழுது.

நீ போன பிறகு மீதி இருந்ததும் போய்விட்டது. இருக்க முடியாமல் இல்லை, தம்பி. ரவிக்கைத் துணியை விரித்துப் போட்டால் அளவு கொடுக்க வருகிறவர்கள் கையால் காட்டிப் பேசுகிறார்கள், நானும் கொஞ்சம் செவிடு, கொஞ்சம் திமிர் என்று இருக்கிற மாதிரி நடித்துக்கொள்கிறேன். மெஷின் ஓடுவது கால் வழியாகத் தெரிகிறது. தைப்பூசத்தன்று சிராங்கூன் ரோட்டில் நின்றேன். அத்தனை ஜனமும் வாயைத் திறந்து வேல் வேல் என்கிறது, காவடிகள் ஆடிக்கொண்டு போகின்றன, மேளம் மட்டும் நெஞ்சுக்குள் இடிக்கிறது. பக்கத்தில் நின்றவள் ஏதோ சொல்லிச் சிரித்தாள், நானும் சிரித்தேன். கூட்டத்துக்கு நடுவில் நிற்கும்போதுதான் ரொம்பத் தனியாக இருக்கிறது. வீட்டில் தனியாக இருப்பது பழகிவிட்டது. சாயங்காலம் சில நாள் மேல்மாடிக்குப் போகும் படிக்கட்டுத் தூணில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பேன். மேலே ஆடினால் தூண் லேசாக அதிரும். அதில் நீ இல்லை என்பது எனக்குத் தெரியும், இருந்தாலும் கொஞ்ச நேரம் கையை வைத்திருப்பேன்.

இப்போது போனுக்கு வருகிறேன். அன்றைக்கு ஹமீது காக்கா தன் சாப்பாட்டுக் கடையிலிருந்து ஓடி வந்து, காதில் கையை வைத்துக் காட்டி, உன் பெயரைச் சொன்னார். அது எனக்குப் புரிந்தது. தைத்துக்கொண்டிருந்த ரவிக்கையை அப்படியே விட்டுவிட்டு அவர் பின்னாலேயே ஓடினேன். கல்லா மேசையில் அந்த ரிசீவர் மல்லாந்து கிடந்தது. அதற்குள் நீ இருக்கிறாய், அம்மா அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டிருப்பாய். நான் எடுத்தால் நீ கேட்பதற்கெல்லாம் மாற்றி மாற்றி எதையாவது உளறுவேன், உனக்குத் தெரிந்துவிடும். கல்யாணத்தை விட்டுவிட்டு அடுத்த கப்பலில் ஏறிவிடுவாய். வாசலிலேயே நின்றேன், காக்காவைப் பார்த்து வேண்டாம் என்று கையை ஆட்டினேன். என் காது முழுக்கப் போய்விட்ட விஷயம் அவருக்கும் அப்போது தெரியாது. அவர் பாவம், "அம்மா வரமாட்டேங்கிறாங்க தம்பி" என்று உன்னிடம் சொல்லியிருக்கிறார். அவர் சொன்னது இதுதான் என்பது உன் கடிதம் வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. கோபமில்லாத ஒரே தடவையில் கோபக்காரி என்று பெயர் வாங்கிக்கொண்டேன்.

மட்டைக்கு வருகிறேன், அதைத்தானே கேட்டாய். போன வாரம் போனேன். தவுக்கேக்குத் தலை நரைத்துவிட்டது. கடை நிறையப் பேர் பெற்ற கம்பெனி மட்டைகள், நாரை டப்பாக்கள் இன்னும் அதே கீழ் டிராயரில்தான் கிடக்கின்றன. பேர் பெற்ற கம்பெனிப் பொருளைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம், ஒன்று மாதிரியே இன்னொன்று இருக்கும். நாரை அப்படி இல்லை. ஒரே டப்பாவில் வந்த இரண்டு மரம் இரண்டு விதமாக இருக்கிறது. பேர் சொல்லித் தபாலில் வரவழைக்க முடியாது, ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். இருந்ததையெல்லாம் மேசை மேல் பரப்பச் சொன்னேன். மரத்தின் ரேகை நேராக ஓடுகிறதா என்று வெளிச்சத்தில் பார்த்தேன், வளைந்து ஓடினதை ஒதுக்கினேன். கைப்பிடியை லேசாகப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினேன், அவர் மேலிருந்து பந்தை விட்டார். சில மரம் உடனே செத்துவிடுகிறது. சில மரம் விரலுக்குள் ரொம்ப நேரம் நடுங்கிக்கொண்டே இருக்கிறது. நடுவில் ஒன்று இருந்தது, ஒரு சிலிர்ப்பு, பிறகு அமைதி. உன் பழைய மட்டையை முட்டி விரலால் தட்டினபோது வந்த அதே சிலிர்ப்பு. காதுக்குத் தெரிந்தது எல்லாம் விரலுக்கும் தெரிந்திருக்கிறது, நான்தான் கேட்டுப் பார்க்கவில்லை.

ரப்பரையும் அப்படித்தான் எடுத்தேன். கடையில் நாள்பட்ட ரப்பர் மேலே மினுங்கும், நகத்தால் அழுத்தினால் தடம் அப்படியே நிற்கும். நல்லது உடனே மேலே எழும்பிவிடும். மடக்கிப் பார்த்தேன், ஓரத்தில் வெடிப்பு வருகிறதா என்று. துணிக் கடையில் இருபது கஜம் புரட்டிப் பார்த்துவிட்டு ஒரு கஜம் வாங்குகிறவள் நான், தவுக்கே பொறுமையாக இருந்தார். உனக்குப் பஞ்சு ரப்பரே எடுத்திருக்கிறேன், உன் ஆட்டம் இப்போது அதில்தான் இருக்கிறது. ஒட்டும்போது அவசரப்படாதே. காற்றுக் குமிழ் நடுவில் நின்றால் அந்த இடத்தில் பந்து செத்துவிடும், இஸ்திரிப் பெட்டி இல்லாவிட்டால் தடிப் புத்தகமாக ஏதாவது வை.

பொட்டலத்தில் இன்னொரு மட்டையும் இருக்கும். நீ ஒன்றுதான் கேட்டாய். நர்ஸுகள் விடுதிக் கூடத்தில் லீலா உன்னை இரண்டு ஆட்டம் தோற்கடித்தாள், அதிலிருந்துதான் பழக்கம் என்று எழுதியிருந்தாயே. அவளுக்கு அந்தப் பழைய குமிழ் ரப்பர் போட்ட நாரை மட்டை. பஞ்சு இல்லை. அது சத்தம் போடும், வேண்டுமென்றேதான் எடுத்தேன். நீ அடுத்த அறையில் இருந்தாலும் அவள் எங்கே இருக்கிறாள், எப்படி இருக்கிறாள் என்று உனக்குக் கேட்க வேண்டும். அவளுக்குக் களைப்பா, கோபமா, சந்தோஷமா என்பதை அவள் வந்து சொல்லும்வரை காத்திருக்காதே.

அவள் மலையாளப் பெண், சிரம்பான்காரி, நம் பக்கம் இல்லை என்று நீ சுற்றி வளைத்து எழுதியிருந்தாய். என்ன ஜாதி, என்ன குடும்பம் என்று இங்கே விசாரிக்க நிறையப் பேர் இருக்கிறார்கள், பேரைப் பார்த்து வாங்குகிறவர்கள் அவர்கள். நீ கையில் எடுத்துப் பார்த்திருக்கிறாய், அது போதும். எனக்குப் பரிபூரண சம்மதம். கல்யாணத்தைத் தள்ளிப்போடாதே. ஒன்று மட்டும் அவளிடம் சொல். என்னைப் போலப் பேசாமல் இருந்து சண்டை போடும் வழக்கம் அவளுக்கு இருந்தால் அதை இப்போதே விட்டுவிடட்டும். கத்தட்டும், தட்டை வீசட்டும், நீயும் கத்து. பேசாமல் இருந்த நாட்களை நான் இப்போது நினைத்துப் பார்க்கிறேன். உன் குரல் கேட்டிருந்த காலத்தில் அதைக் கேட்காமல் நானே வீணடித்த நாட்கள் அவை. அவற்றைத் திருப்பிக் கொடுத்தால் போதும் என்று இருக்கிறது.

என் காதுக்காக நீ இங்கே ஓடி வரக்கூடாது. படிப்பை முடி, கல்யாணத்தை முடி. பிறகு இரண்டு பேருமாக வாருங்கள். அப்போது நான் அந்தப் படியில் ஏறுவேன், யார் என்ன சொல்கிறார்கள் என்று பார்க்கலாம். யார் சொன்னாலும்தான் எனக்குக் கேட்காதே. ஒரு நாற்காலியில் உட்கார்ந்து நீங்கள் இரண்டு பேரும் ஆடுவதைக் கண்ணால் பார்ப்பேன்.

ஹமீது காக்காவிடம் நேற்று எல்லாவற்றையும் எழுதிக் காட்டிவிட்டேன். அவர் முண்டாசை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தீபாவளிக்கு முதல் நாள் நீ போன் போடு, தம்பி. நான் முன்னாடியே போய்க் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். அந்த மூன்று நிமிஷ லைன் கிடைத்ததும் காக்கா என் தோளைத் தொடுவார், நான் பேச ஆரம்பிப்பேன். போய்விட்டது காதுதான், வாய் நன்றாகத்தான் இருக்கிறது. லீலாவைப் பக்கத்தில் நிறுத்திக்கொள், அவளிடமும் பேசுவேன். நீ அம்மா அம்மா என்று கூப்பிட்டு நேரத்தை வீணாக்காதே, அழாதே, ஒன்றும் சொல்லாதே. இத்தனை வருஷம் நான் கீழே உட்கார்ந்து உன்னைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த மூன்று நிமிஷம் நீ என்னைக் கேள்.

அம்மா